வாக்குப் பெட்டியா, வழக்கு மன்றமா?

ஓர் அரசியற் கட்சி தன் தலைவரைத் தெரிவு செய்வது அக்கட்சியின் வீட்டு விஷயம் என்று கருதுவோர் உளர். சங்கத்தின் காரியத்தில் சங்கத்துக்கு வெளியே நிற்பவனுக்கு என்ன அலுவல் என்று அவர்கள் கேட்பர். தமிழ் மக்களின் பெயரால் பேசுவதற்கு உரிமை கோரும் கட்சிகளைப் பொறுத்தமட்டில் இவ்வாதம் செல்லாது. தொண்டைமானாற்றில் வெங்காயம் நடும் கமக்காரனும், பருத்தித்துறையிற் பாடஞ் சொல்லும் ஆசிரியரும், யாழ்ப்பாண நீதிமன்றத்தில் வழக்குரைக்கும் சட்டத்தரணியும் அக்கட்சிகளில் அங்கத்துவம் பெற்றிராவிடினும், அவற்றின் தலைவர்கள் செய்யும் முடிபுகளின் பயனையும் பாதகத்தையும் அனுபவிப்பவர்கள். ஆகவே தலைவர் எவ்வாறு தெரியப்படுகிறார், தெரியப்பட்டபின் அவ்விடத்தில் அமர விடப்படுகிறாரா என்னும் இரு கேள்விகளும் மக்கள் அனைவருக்கும் உரிய கேள்விகளாகும்.

2024 ஜனவரி 21 ஆம் நாள் திருகோணமலையில் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் பொதுச் சபை கூடியது. 2014 முதல் தலைமைப் பொறுப்பை வகித்துவந்த மாவை சேனாதிராசாவுக்குப் பின் யார் என்பதைத் தீர்மானிப்பதே அன்றைய அலுவல். சிவஞானம் சிறீதரனும் மதியாபரணன் ஆபிரகாம் சுமந்திரனும் எதிரெதிரே நின்றனர். இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. சிறீதரனுக்கு 184 வாக்குகள். சுமந்திரனுக்கு 137 வாக்குகள். தோற்றவர் வென்றவரை வாழ்த்தினார். 1949 டிசம்பர் 18 ஆம் நாள் கொழும்பில் தந்தை செல்வநாயகமும், டாக்டர் நாகநாதனும், கோப்பாய் வன்னியசிங்கமும் ஏனையோரும் தோற்றுவித்த கட்சி, ஒருமனதான தெரிவையே வழக்கமாகக் கொண்டிருந்த கட்சி, வாக்குப் பெட்டியை நடுவில் வைத்துத் தலைவரைத் தெரிந்தது என்பதில் நாடெங்கும் ஒரு மகிழ்ச்சி தோன்றியது. தமிழர்களாலும் பண்போடு போட்டியிட முடியும், பண்போடு தோற்கவும் முடியும் என்று பலர் பெருமிதங் கொண்டனர்.

அந்த மகிழ்ச்சி ஒரு மாதங்கூட நிலைக்கவில்லை. பொதுச் செயலாளர் முதலிய ஏனைய பதவிகளைப் பங்கிடுவதிற் பிணக்கு எழுந்தது. புதிய தலைவர் முறைப்படி பொறுப்பேற்கவேண்டிய மகாநாடு பின்போடப்பட்டது. பெப்ரவரி 19 ஆம் நாளுக்கு அது மீண்டும் குறிக்கப்பட்டபோது, பொதுச் சபையில் வாக்களித்தோரின் தொகையும் தகுதியும் கட்சி யாப்புக்கு அமைந்தனவல்ல என்று கூறி அங்கத்தவர் ஒருவர் நீதிமன்றத்தை நாடினார். திருகோணமலை மாவட்ட நீதிமன்றம் மகாநாட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தது. விளைவு என்ன? வாக்குகளால் வென்றவர் பொறுப்பேற்க முடியாதவரானார். பொறுப்பிலிருந்து நீங்கவிருந்தவர் தொடர்ந்தும் அங்கேயே இருக்கவேண்டியவரானார். 2024 டிசம்பரில் மத்திய செயற்குழு சீ. வீ. கே. சிவஞானத்தைப் பதில் தலைவராக நியமித்தது. 184 பேர் ஒருவரைத் தெரிந்த கட்சிக்கு, அவ்வாண்டு முடிவில் வாய்த்தது ஒரு பதில் தலைமை!

இவ்வழக்கில் நியாயம் எப்பக்கம் என்பதை இங்கு நாம் ஆராயப் புகவில்லை. அது மன்றத்தின் பொறுப்பு. போட்டியிட்ட இருவரில் எவர் உயர்ந்தவர் என்பதும் இத்தலையங்கத்தின் பொருளன்று. இருவரும் மக்கள் வாக்கால் பாராளுமன்றம் புகுந்து பணியாற்றியவர்கள்; இருவருக்கும் அன்பர்கள் உண்டு, குறை கூறுவோரும் உண்டு. நாம் கூறவந்தது ஒன்றே: வாக்காளர் பட்டியல் வாக்கெடுப்புக்கு முன் முடிவாகவேண்டும், வாக்கெடுப்பின் தீர்ப்பு அதன்பின் யாவரையும் கட்டுப்படுத்தவேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் வாக்குப் பெட்டி வெறும் மரப்பெட்டியே.

அந்த ஆண்டு என்ன ஆண்டு என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். ஜூன் 30 இல் முதுபெருந் தலைவர் சம்பந்தன் மறைந்தார். செப்டெம்பர் 21 இல் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. கட்சியின் மத்திய செயற்குழு சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென்று தீர்மானித்தது. பொதுச் சபையால் தெரியப்பட்ட தலைவரோ தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் பக்கம் நின்றார். அந்த வேட்பாளர் தாமும் அதே கட்சியின் அங்கத்தவர்! அவருக்கு இரண்டு இலட்சத்து இருபத்தாறாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் கிடைத்தன. ஒரு வீட்டின் முன்வாசலில் ஓர் அறிவித்தலும் பின்வாசலில் மற்றோர் அறிவித்தலும் தொங்கினால், வீட்டுக்கு வருபவன் என்ன செய்வான்? எதை நம்பி உள்ளே நுழைவான்?

அவன் செய்ததை நவம்பர் 14 ஆம் நாட் பொதுத் தேர்தல் காட்டிற்று. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்று. ஒரு சுயேச்சைக் குழுவுக்கு ஒன்று. தென்னிலங்கையில் வேர்கொண்ட இடதுசாரி அணியொன்று யாழ்ப்பாணத்தில் முதலிடம் பெற்றது. மட்டக்களப்பில் மூன்று ஆசனங்களைப் பெற்றுத் தமிழரசுக் கட்சி தன் மானத்தைக் காத்துக்கொண்டது என்பது உண்மை. ஆயினும் அதன் பிறப்பிடம் போன்ற குடாநாட்டில் அது பெற்ற ஒற்றை ஆசனம், வாக்காளன் எழுதிய ஒரு கடிதமாகும். உங்கள் வீட்டுச் சண்டை முடிந்தபின் எம்மிடம் வாருங்கள் என்பதே அக்கடிதத்தின் வாசகம்.

இதைக் கண்டு திகைத்தோர் வடமராட்சியின் சரித்திரத்தை மறந்தவர்கள். பருத்தித்துறைத் தொகுதி 1952 இல் தமிழ்க் காங்கிரசைச் சார்ந்த இராமலிங்கத்தைத் தெரிந்தது. 1956 இல், தமிழ்ப் பகுதிகளிலே தமிழரசுக் கட்சியின் அலை எழுந்த அதே தேர்தலில், அத்தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியின் பொன்னம்பலம் கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து அவர் ஆற்றிய உரையை மூத்தோர் நெடுங்காலம் நினைவுகூர்ந்தனர். 1960 இல் அதே தொகுதி, தொண்டைமானாற்றைச் சேர்ந்த துரைரத்தினத்தைத் தமிழரசுக் கட்சியின் சார்பில் தெரிந்தது. எட்டு ஆண்டுகளில் மூன்று கட்சிகள்! இம்மண்ணின் வாக்காளன் எவருக்கும் உறுதி எழுதிக் கொடுக்கப்பட்ட காணியல்லன். அவன் ஆளையும் பார்ப்பான், கொள்கையையும் பார்ப்பான், கட்சி தன் சொல்லைத் தானே மதிக்கிறதா என்பதையும் பார்ப்பான்.

தலைமை இல்லாத காலத்தில் கமக்காரனுக்கு நேர்வது என்ன என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுவோம். 2025 மார்ச் 28 ஆம் நாள் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. வட மாகாணத்தில் ஐயாயிரத்துத் தொளாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு உரிமை உள்ளோர் மூன்று மாதத்துள் தம் உரிமையை நிலைநாட்டவேண்டும். இன்றேல் அந்நிலம் அரச காணியாகும் என்பது அதன் சாரம். வடமராட்சி கிழக்கும் அதில் அடங்கியது. போரில் உறுதிகளை இழந்தோர் எத்தனை பேர்! சுனாமியில் வீட்டோடு பெட்டகத்தையும் பறிகொடுத்தோர் எத்தனை பேர்! உறுதியில் பெயர் உள்ளவர் இறந்து, பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் சிதறிக் கிடக்கும் குடும்பங்கள் எத்தனை! இத்தகையோருக்கு மூன்று மாதம் என்பது மூன்று நாளைப் போன்றது.

அன்று எதிர்ப்புக் குரல் எழுந்தது. சுமந்திரன் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார். ஜூன் மாத இறுதியில் மன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கம் அறிவித்தலை மீளப் பெற்றுக்கொண்டது. நல்லதே நடந்தது. ஆயினும் மூன்று மாதத் தவணையின் கடைசி நாட்களில்தான் அந்நிவாரணம் வந்தது என்பதை மறக்கலாகாது. உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு கிராமத்தான் புறப்படும்போது எந்த வாசலுக்குச் செல்வது என்ற ஐயம் அவனுக்கு இருத்தலாகாது. கட்சி ஒன்றாக நின்று, கிளைதோறும் உறுதிகளைத் திரட்டி, விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்து, மக்களை வழிநடத்துவதற்கு முழுமையான தலைமை வேண்டும். 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்த வட மாகாண சபைக்கு ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தப்படாதிருந்ததும் இத்தகைய தலைமை வேண்டப்பட்ட மற்றொரு விடயமாகும். எதிரே இருப்பவர் எம்முள் யாரோடு பேசுவது என்று கேட்க இடம் வைத்துவிட்டு, எம்மோடு பேசுகிறாரில்லையே என்று குறைப்பட்டு என்ன பயன்?

இனி, நீதிமன்றத்தின் இடம் யாது என்பதைச் சட்டத்தின் வழியே சிறிது நோக்குவோம். கட்சியின் யாப்பு, அங்கத்தவர் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தமாகும். அதை மீறியதாகக் கருதும் அங்கத்தவர் மன்றத்தை நாடுவது அவருடைய உரிமை. அதனைக் குற்றமென்பது சட்டத்தைக் குற்றமென்பதாகும். மேலும் இந்நாட்டில் கட்சிப் பதவிகள் வெறும் அலங்காரங்களல்ல. வேட்புமனுவில் ஒப்பமிடும் அதிகாரம் கட்சிச் செயலாளருக்கு உரியது. அரசியலமைப்பின் 99 ஆம் உறுப்புரையின் 13 ஆம் பந்தியின்படி கட்சியிலிருந்து நீக்கப்படும் பாராளுமன்ற உறுப்பினர், ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடி வெல்லாவிடின் தம் ஆசனத்தையும் இழப்பார். ஆகவே கட்சியின் கதவுத் திறப்பு எவர் கையில் உள்ளது என்பது சட்டத்தின் பார்வையிலும் பெரிய விஷயமே.

ஆனால் மன்றம் செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. இன்ன கூட்டம் யாப்புக்கு அமைந்ததா, இல்லையா என்று அது கூறும். இன்னார் தலைவர் என்று கட்டளையும் இடலாம். கட்சித் தொண்டனின் மனத்தில் அத்தலைவர்மேல் விசுவாசத்தை உண்டாக்க எந்த மன்றத்தாலும் முடியாது. அன்றியும் மன்றத்தின் காலம் வேறு, அரசியலின் காலம் வேறு. தவணை தவணையாக வழக்கு நகரும். தேர்தல் எவருக்கும் தவணை கொடுக்காது. எங்கள் ஊர்க் கோயில் வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. தர்மகர்த்தா யார் என்று இரு பகுதியார் ஆண்டுக்கணக்கில் வழக்காடுவர். இடையே கொடியேற்றம் நிற்கும். தேர் கொட்டகையில் உக்கும். ஈற்றில் ஒரு பகுதியார் தீர்ப்புக் கடதாசியோடு வந்து கதவைத் திறக்கும்போது, கும்பிட வரும் சனம் அயற்கோயிலுக்குப் பழகியிருக்கும்.

இதற்குத் தமிழர் அரசியலிலேயே சாட்சியம் உண்டு. தமிழர் விடுதலைக் கூட்டணிக்குள் தலைமைப் பிணக்கு முற்றி நீதிமன்றம் சென்றதன் பயனாக, 2004 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உதயசூரியன் சின்னத்தில் நிற்க முடியவில்லை. அப்பொழுதுதான் நெடுங்காலம் தேர்தற் களத்தில் இல்லாதிருந்த தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம் எடுக்கப்பட்டது. இருபத்திரண்டு ஆசனங்கள் கிடைத்தன. வழக்கிலே சின்னத்தைக் காத்துக்கொண்டவர்களை மக்கள் பின்தொடரவில்லை. வீடு மீண்டும் எழுந்ததே இன்னொரு கட்சியின் தலைமை வழக்கினால் என்றால், அந்த வீட்டுக்காரர் அப்பாடத்தை மறக்கலாமா?

பிற நாட்டார் இக்காரியத்தை எப்படிச் செய்கின்றனர்? வடமராட்சியில் கனடாவிலே உறவினர் இல்லாத வீடு அரிது. ஆகவே அந்நாட்டு உதாரணம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள புதிய ஜனநாயகக் கட்சி இடதுசாரிச் சார்புடையது. சஸ்கச்சுவான் முதலிய மேற்கு மாகாணங்களின் கோதுமை விவசாயிகளும் நகரத் தொழிலாளரும் 1930களிற் கட்டிய இயக்கம் ஒன்றும், தொழிற்சங்கங்களின் பேரவையும் இணைந்து 1961 இல் அதனைத் தோற்றுவித்தனர். 2011 இல் கனடியப் பாராளுமன்றத்துக்குத் தெரியப்பட்ட முதலாவது தமிழரான ராதிகா சிற்சபைஈசன் அக்கட்சியின் சார்பிலேயே ஸ்காபரோவில் வென்றார் என்பதையும் எம் வாசகர் அறிவர்.

1961 இல் அக்கட்சியின் முதற் தலைமைக்கு இருவர் போட்டியிட்டனர். ரொமி டக்ளஸ் வென்றார்; ஹேசன் ஆர்கியூ தோற்றார். தோற்றவர் சில மாதங்களில் கட்சியை விட்டு லிபரல் கட்சிக்குச் சென்றார். அது கட்சிக்கு ஓர் இழப்பு. ஆயினும் வென்றவரின் நாற்காலியை எவரும் இழுக்கவில்லை. அடுத்த ஆண்டுப் பொதுத் தேர்தலில் டக்ளஸ் தம் தொகுதியிலேயே தோற்றுப்போனார். கட்சி அவரைக் கைவிட்டதா? இல்லை. வேறொரு தொகுதியில் இடைத்தேர்தலில் நிறுத்தி வெல்லவைத்தது. எமது சரித்திரத்திலும் இத்தகைய காட்சி உண்டு. 1952 இல் தந்தை செல்வநாயகம் காங்கேசன்துறையில் தோற்றார். கட்சிக்குக் கிடைத்தவை கோப்பாயும் திருகோணமலையும் ஆகிய இரண்டே ஆசனங்கள். அப்பொழுது கட்சி அவர்மீது வழக்கும் தொடுக்கவில்லை, வசையும் பாடவில்லை. 1956 இல் பத்து ஆசனங்களோடு அது திரும்பி வந்தது.

கனடியக் கட்சியின் பிந்திய சரித்திரமும் கவனத்துக்குரியது. 2011 இல் ஜக் லேற்றன் தலைமையில் 103 ஆசனங்களைப் பெற்று எதிர்க்கட்சியான அது, அவ்வாண்டு ஓகஸ்டில் அவரை மரணத்துக்குப் பறிகொடுத்தது. 2012 மார்ச்சில் அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்ற முறையில், நான்கு சுற்று எண்ணிக்கையின் பின் ரொம் மல்கெயர் தெரியப்பட்டார். 2015 தேர்தலில் ஆசனங்கள் 44 ஆகக் குறைந்தன. 2016 மகாநாட்டில், தலைமைக்கு மீண்டும் போட்டி வேண்டுமா என்று யாப்பின்படி கேட்கப்பட்டபோது, நூற்றுக்கு ஐம்பத்திரண்டு பேர் வேண்டும் என்றனர். மல்கெயர் வழக்குத் தொடுக்கவில்லை. அடுத்தவர் தெரியப்படும்வரை பொறுப்பில் இருந்து, 2017 ஒக்டோபரில் ஜக்மீத் சிங் என்ற சீக்கிய இளைஞரிடம் அதனை ஒப்படைத்து விலகினார்.

ஒழுங்கான தெரிவு ஒன்றே வெற்றியைத் தந்துவிடுமா என்றால், இல்லை. முதற் சுற்றிலேயே பாதிக்கு மேற்பட்ட வாக்குப் பெற்ற ஜக்மீத் சிங்கின் தலைமையிற்றான் அக்கட்சி 2025 ஏப்ரல் 28 ஆம் நாள் தேர்தலில் 343 ஆசனங்களில் ஏழே ஏழைப் பெற்றுச் சரிந்தது. தலைவரும் தம் தொகுதியை இழந்தார். ஆனால் அடுத்து நிகழ்ந்ததைப் பாருங்கள். அன்றிரவே அவர் பதவி விலகலை அறிவித்தார். சில நாட்களில் டொன் டேவிஸ் இடைக்காலத் தலைவரானார். 2026 மார்ச் மாத இறுதியில் வினிபெக் நகரில் புதிய தலைவரின் பெயர் அறிவிக்கப்படும் என்று நாள் குறித்தனர். வேட்பாளர் கட்டவேண்டிய பணம், திரட்டவேண்டிய ஒப்பங்கள், எந்த நாளுக்குள் அங்கத்தவரானோருக்கு வாக்கு என்பனவெல்லாம் முன்னரே எழுதி வெளியிடப்பட்டன. கட்டுப்பணம் ஓர் இலட்சம் டொலர் என்பது ஏழை வேட்பாளரைத் தடுக்கும் என்று குறை கூறினோரும் இருந்தனர். அக்குறையும் போட்டிக்கு முன் எழுந்த குறையே. விதியைப் பற்றிய வாதம் ஓட்டம் தொடங்குமுன் நடக்கவேண்டும். ஓடி முடிந்தபின் கோட்டை நகர்த்தக் கேட்பது ஆட்டமன்று.

இங்கு இரு மறுப்புகள் எழக்கூடும். கனடா செல்வமும் அமைதியும் உள்ள நாடு. நாமோ உரிமைக்குப் போராடும் இனம். எமக்குப் போட்டி எதற்கு, ஒருமனதான தெரிவே எம் மரபு என்பது முதலாவது. மரபு உண்மையே. தந்தை செல்வா உயிரோடிருக்கையிலேயே தலைவர் பதவி வன்னியசிங்கம், இராஜவரோதயம், இராசமாணிக்கம், நாகநாதன் என்று கைமாறிச் சென்றது, சண்டை எழவில்லை. ஆனால் அவ்வொருமனத்துக்குப் பின்னால் யாவரும் ஏற்கும் ஒரு மூத்தவர் நின்றார். அத்தகைய மூத்தவர் இல்லாத காலத்தில், இருவர் தகுதியுடையோராய் எழுந்து நிற்கையில், ஒருமனம் என்பது ஒருவரை வாய்மூடச் செய்வதற்கு இட்ட அழகிய பெயராகிவிடும். ஒற்றுமை வேறு, ஓசையின்மை வேறு. மாறுபட்டோர் மாறுபாட்டைச் சொல்லி, எண்ணி, எண்ணியதை ஏற்று ஒன்றாய் நடப்பதே ஒற்றுமை.

எல்லா அங்கத்தவருக்கும் வாக்களித்தால் பணமுள்ளவர் சந்தாக் கட்டி ஆட்களைச் சேர்த்துவிடுவார் என்பது இரண்டாவது மறுப்பு. இது வெறும் அச்சமன்று, எங்கும் நடப்பதே. ஆயினும் சில நூறு பேரின் சபையை வளைப்பதிலும் பல்லாயிரம் பேரை வளைப்பது கடினம். கூட்டுறவுச் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் அங்கத்தவர் இடாப்பு வைத்து, பொதுக் கூட்டம் கூட்டி, கையுயர்த்தித் தலைவரைத் தெரியும் எம் கமக்காரர், தம் அரசியற் கட்சியில் அதே காரியத்தைச் செய்யத் தகுதியற்றவரா?

ஆகவே தமிழர் கட்சிகள் யாவற்றின் முன்னும் சில யோசனைகளை வைக்கின்றோம். முதலாவதாக, தலைமைத் தெரிவுக்கு மூன்று மாதங்களுக்கு முன் அங்கத்தவர் இடாப்பு மூடப்பட்டு, கிளைதோறும் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். இன்னார் தகுதியற்றவர் என்று கூறுவோர் இரண்டு வாரத்துள் எழுத்தில் கூறவேண்டும். பதவி எதனையும் நாடாத மூவர், ஓய்வுபெற்ற நீதிபதிகளோ மூத்த சட்டத்தரணிகளோ, அதனை விசாரித்து வாக்கெடுப்புக்கு முன்னரே தீர்த்தல் வேண்டும். அவ்வேளையில் வாய்திறவாதிருந்தவர் பின்னர் பட்டியலைக் குறைகூற இடமில்லை என்று யாப்பே கூறவேண்டும். கண்முன் நடந்ததற்கு உடன்பட்டு நின்றவர், முடிவு தமக்கு மாறானபோது மறுத்தலாகாது என்பது நீதியின் பழைய நெறி.

இரண்டாவதாக, கிளைகளில் உள்ள எல்லா அங்கத்தவருக்கும் வாக்கு வேண்டும். இருவருக்கு மேற்பட்டோர் நின்றால் விருப்பத்தெரிவு முறையில் எண்ணலாம். அம்முறை எமக்குப் புதிதன்று. 2024 ஜனாதிபதித் தேர்தலில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டதை நாடு கண்டது. மூன்றாவதாக, தலைவரும் செயலாளரும் பொருளாளரும் ஒரே நாளில், ஒரே இடாப்பின்படி தெரியப்படல் வேண்டும். தலைவரை வாக்கால் தெரிந்துவிட்டுச் செயலாளர் பதவியைச் சமரசப் பேச்சுக்கு விட்டதிலிருந்தே 2024 இன் குழப்பம் கிளைத்தது. நான்காவதாக, போட்டியிடுவோர் காணி, மாகாண சபை, அரசியற்றீர்வு, கடற்றொழில், கமத்தொழில் என்பவைபற்றித் தம் நிலையை எழுத்தில் வெளியிட்டு, மாவட்டந்தோறும் அங்கத்தவர் முன் நின்று கேள்விக்கு விடையிறுத்தல் வேண்டும். ஐந்தாவதாக, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மகாநாடு கூடி, இத்தலைவர் தொடரலாமா என்று இரகசிய வாக்கால் கேட்கவேண்டும். நீக்குவதற்கு நேர்வழி இருக்குமாயின் குறுக்கு வழியை நாடுவோர் குறைவர்.

விதிகள் மட்டும் போதா. வென்றவருக்கும் தோற்றவருக்கும் உரிய கடமைகள் உண்டு. 321 வாக்குகளில் 137 என்பது தள்ளிவிடக்கூடிய தொகையன்று. தமக்கு வாக்களியாதோரையும் சேர்த்தே தாம் தலைவர் என்பதை வென்றவர் முதல் நாளிலேயே பதவிப் பங்கீட்டிற் காட்டவேண்டும். தோற்றவர், வாழ்த்துக் கூறியதோடு தம் கடமை முடிந்ததென்று கருதாது, தம் அன்பர்களையும் அவ்வாழ்த்துக்குக் கட்டுப்படுத்தவேண்டும். தலைவர்கள் மேடையிற் கைகுலுக்க, அவரவர் தொண்டர்கள் முகநூலிலும் சந்தியிலும் ஒருவரை ஒருவர் துரோகி என்று தூற்றுவார்களாயின், அக்கைகுலுக்கலைப் படம்பிடித்த கருவிக்கு அன்றி வேறு யாருக்கும் பயனில்லை.

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கு கிழக்கு மக்கள் தமிழரசுக் கட்சிக்குப் பல சபைகளில் மீண்டும் முதலிடம் அளித்தனர். அதனை மன்னிப்பு என்று எவரும் எண்ணிவிடலாகாது. அது தவணை. மக்கள் மன்றம் தவணை கொடுக்கும். அடுத்த தவணையில் ஆயத்தமின்றி வருபவரின் வழக்கைத் தள்ளியும் விடும்.

தொண்டைமானாற்றுத் தடுப்பணையைக் கமக்காரர் அறிவர். மாரியில் வெள்ளம் பெருகும்போது கதவைத் திறக்கவேண்டும். மழை ஓய்ந்ததும் கடல்நீர் ஏறாதபடி மூடவேண்டும். முன்னொருகால் அதன் பலகைகள் உக்கிக் கிடந்தபோது உவர்நீர் உட்புகுந்து வயலையும் கிணற்றையும் கெடுத்தது. எவர் திறப்பது, எந்த மட்டத்தில் திறப்பது என்பதை வெள்ளம் வந்தபின் விவாதித்தால் விளைநிலம் மூழ்கும். கட்சியின் யாப்பும் அத்தகைய அணையே. பலகை உக்கியிருப்பின் கோடையிலேயே மாற்றுக. அடுத்த தேர்தல் என்னும் மாரி வருமுன், இடாப்பை ஒழுங்கு செய்து, விதியை எழுதி, தலைவரைத் தெரிந்து, தெரிந்தவரை அமரவிடுக. அதைச் செய்யாத கட்சிக்கு வாக்குக் கேட்டு வருவோரிடம், உங்கள் தலைவர் யார், அவரைத் தெரிந்தவர் யார் என்ற இரு கேள்விகளையும் வாசலிலேயே கேட்குமாறு எம் கமக்காரரையும் கற்றோரையும் வேண்டுகின்றோம். விடை தெளிவாக வந்தால் மட்டும் உள்ளே அழையுங்கள்.